“ஓ.எஸ். போட்டால் சரியாகிவிடும், அக்கா”: ஒன்பது ஆண்டு அனுபவம்

எங்கள் வீட்டுக் கணினியை 2016-இல் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் வாங்கினோம். வேலூர் கொசப்பேட்டையில் மாடிப் போர்ஷன். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு மேசை போடத்தான் இடம். அந்த மேசையில் உட்கார்ந்து டி.டி.பி. வேலை, அதாவது அச்சுக்கான பக்கங்களைக் கணினியில் தட்டச்சு செய்து வடிவமைக்கும் வேலை செய்கிறேன்: திருமணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா அழைப்பு, கும்பாபிஷேக நோட்டீஸ், பள்ளிக்கூட வினாத்தாள். லாங் பஜார் பக்கத்து அச்சகங்கள் இரண்டு மூன்று வேலை தருகின்றன. முகூர்த்த மாதத்தில் கணினி ஒரு நாள் படுத்துக்கொண்டால் அச்சகக்காரரின் குரலே மாறிவிடும்.

மளிகைக் கணக்கு எழுதும் நீள நோட்டின் பின்பக்கத்திலிருந்து நான் இன்னொரு கணக்கு எழுதி வருகிறேன். எந்தத் தேதியில் என்ன கெட்டது, யார் வந்தார், என்ன செய்தார், எவ்வளவு வாங்கினார். இதுவரை 63 பதிவுகள். கணினி நன்றாக உழைக்கிறதா என்று பலர் கேட்கிறார்கள். கணினி உழைக்கிறது. அதைச் சரிசெய்ய வந்தவர்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் கடை. 2018 தை மாதம், பத்திரிகை வேலை குவிந்திருந்தது. கணினி ஒரு கோப்பைத் திறப்பதற்குள் நான் பால் காய்ச்சி இறக்கிவிடலாம் என்ற நிலை. கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாங்கிய கடைக்கே போனார், நானும் பின்னால் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த பையன் சுவிட்சைக்கூடப் போடவில்லை. “ஓ.எஸ். போட்டால் சரியாகிவிடும், அக்கா. சி டிரைவ் மட்டும்தான் போகும். டி-யில் இருப்பதைத் தொட மாட்டோம்” என்றார். ஓ.எஸ். போடுவது என்றால் சி டிரைவை அழித்து, அதாவது ஃபார்மட் செய்து, விண்டோஸை மறுபடி நிறுவுவது. எனக்குத் தைரியம் வந்தது. அச்சகக் கோப்புகள் எல்லாம் டி-யில்தான் இருக்கின்றன என்று நினைத்திருந்தேன்.

திரையின் முகப்பில் நாம் போட்டு வைக்கும் கோப்புகளும் சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன என்பதை அன்றுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. ‘மை டாக்குமெண்ட்ஸ்’ என்பதும் அப்படியே. கண்ணெதிரே இருக்கட்டும் என்று இரண்டு மாத வேலையை முகப்பிலேயே அடுக்கி வைத்திருந்தேன். அத்தனையும் போயிற்று, 500 ரூபாய் செலவில்.

வீட்டுக்கு வந்து டி-யில் இருந்ததைத் திறந்தால் இரண்டாவது இடி. மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் காற்புள்ளியும் குப்பையாகக் கிடந்தன. அவையும் அழிந்துவிட்டன என்று எண்ணி அன்று இரவு அழுதேன். உண்மையில் ஒன்றும் அழியவில்லை. இங்கே அச்சகங்களில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் ஒவ்வொரு எழுத்தும் உள்ளுக்குள் ஆங்கில எழுத்தின் எண்ணைத்தான் வைத்திருக்கும், உருவம் மட்டும் தமிழ். எழுத்துருவும் சி டிரைவில் இருப்பதால் ஃபார்மட் செய்ததும் அது போய்விட்டது. சட்டை கழன்றதும் உள்ளே இருந்த ஆங்கிலம் தெரிந்தது, அவ்வளவுதான். அச்சகத்திலிருந்து எழுத்துருவை பென் டிரைவில் வாங்கிவந்து போட்டதும் மணமகன் மறுபடி மணமகன் ஆனார். யூனிகோடில் தட்டச்சு செய்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. அங்கே ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் சொந்த எண் உண்டு. ஆனால் அச்சகக்காரர் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளை விடமாட்டார், அது யூனிகோடு தமிழைக் கையாளாது. நான் என்ன செய்ய?

கடைக்காரரை முழுக்கக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பத்துப் பெட்டிகள் வரிசையில் நிற்கும்போது ஒவ்வொன்றின் முன்னும் உட்கார்ந்து கதை கேட்க முடியாது. ஆனாலும் என் நோட்டில் 14 இடங்களில் ‘ஃபார்மட்’ என்பதே சொல்லப்பட்ட மருந்து. இப்போது திரும்பிப் பார்த்தால் இரண்டு முறைதான் அது தேவைப்பட்டிருக்கும் என்று தோன்றுகிறது.

அடுத்தது இணையம். முன்பு தாமிரக் கம்பி வழியாக வந்த இணைப்பு. பாதாளச் சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டிய காலத்தில் அது இருந்த நாளைவிட இல்லாத நாள் அதிகம். பிறகு ஒரு பெரிய நிறுவனத்தின் ஃபைபர் இணைப்புக்கு மாறினோம். அதன் சேவை எண்ணை அழைத்தால் முதலில் பாட்டு, பிறகு தமிழுக்கு ஒன்று, பிறகு ஒரு பெண் குரல்: “ரௌட்டரை அணைத்து 30 விநாடி கழித்துப் போடுங்கள்.” கேலி செய்யவில்லை. ஒன்பது முறை அதிலேயே சரியாகியிருக்கிறது. ஆனால் பெட்டியில் ‘லாஸ்’ என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு மின்னினால், கண்ணாடி இழை வழியாக வெளிச்சமே வீட்டுக்கு வரவில்லை என்று பொருள். நாள் முழுதும் அணைத்து அணைத்துப் போட்டாலும் பயன் இல்லை. சிவப்பு இல்லாமல் இணையம் மட்டும் வரவில்லை என்றால் வேறு கோளாறு. அதற்குத்தான் அணைத்துப் போடுவது, கட்டணம் பார்ப்பது எல்லாம். இந்த ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொண்ட பிறகு முதல் வாக்கியத்திலேயே “சிவப்பு விளக்கு மின்னுகிறது, ஆள் அனுப்புங்கள்” என்று சொல்லிவிடுவேன். அழைப்பு பாதி நேரத்தில் முடிந்துவிடும்.

2020 மழைக்காலத்தில் ஒரு தடவை, விளக்கு சிவப்பாக மின்னிக்கொண்டிருக்கும்போதே “உங்கள் புகார் தீர்க்கப்பட்டது” என்று குறுஞ்செய்தி வந்தது. அடுப்பில் வைத்த குழம்பைவிட நான் அதிகம் கொதித்தேன். அச்சகக்காரர் ஒருவர்தான் வழி சொன்னார்: தொலைத்தொடர்பு நிறுவனம் ஒவ்வொன்றும் மேல்முறையீட்டுக்கென ஒரு பிரிவு வைத்திருக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. புகார் எண் கையில் இருந்தால் அங்கே எழுதலாம். எழுதினேன். மூன்றாம் நாள் ஏணியோடு ஆள் வந்தார். புகார் எண்ணை எழுதி வைக்காதவர்களுக்கு இந்த வாசலே கிடையாது. என் மளிகை நோட்டின் பெருமையை வீட்டில் ஒப்புக்கொண்டது அன்றுதான்.

2021 முதல் பக்கத்துத் தெருக் கேபிள்காரரின் இணைப்பு. சீட்டில் எழுதிய வேகம் ஒருநாளும் வந்ததில்லை, ரசீதை இரண்டு தடவை கேட்டு வாங்க வேண்டும். ஆனால் காலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் அழைத்தால் அவர் மனைவி எடுத்து, “கம்பத்தில் இருக்கிறார், இறங்கியதும் வருவார்” என்பார். வருவார். ஒருமுறை சிவப்பு விளக்கு என்று வந்தவர் பெட்டியைப் பார்க்காமல் பீரோவுக்குப் பின்னால் டார்ச் அடித்தார். மிச்சக் கேபிளை நான் பூவுக்குக் கட்டுவதுபோல் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு இறுக்கியிருந்தேன். இழை கூர்மையாக மடங்கினால் வெளிச்சம் வழியிலேயே கசிந்துவிடுமாம். அகல வளையமாகச் சுற்றி ஆணியில் மாட்டினார், விளக்கு பச்சையாயிற்று. போகும்போது பீரோமேல் இருந்த பெட்டியைச் சுவருக்கு மாற்றச் சொன்னார். இரும்பு பீரோ அலைகளை மறைக்கும், அதனால்தான் பின்னறையில் வைஃபை எட்டவில்லை. பணம் கேட்கவில்லை. காபி குடித்தார்.

மூன்றாவது உதவி இலவசம். அக்கா மகன் பெங்களூருவில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். விண்டோஸிலேயே இருக்கும் ‘குயிக் அசிஸ்ட்’ வழியாக அவன் அங்கிருந்தே என் திரைக்குள் வந்துவிடுவான். “சித்தி, நீங்கள் எதையும் தொடாதீர்கள்” என்பான். அம்புக்குறி எலிக்குஞ்சு மாதிரி ஓடும், ஏழெட்டுச் சன்னல்கள் திறந்து மூடும், அரை நிமிடத்தில் “முடிந்தது.” என்ன முடிந்தது? “அது ஒரு சின்ன செட்டிங், சித்தி.” அடுத்த மாதம் அதே கோளாறு வரும், நான் மறுபடி அவனுடைய ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டும். நோட்டில் அவன் வந்த பதிவுகளில் எல்லாம் ‘என்ன செய்தார்’ என்ற கட்டம் காலியாகவே இருக்கிறது. பாசக்காரப் பிள்ளை, குறையாகச் சொல்லவில்லை. சொல்லிக்கொடுக்க அவனுக்குப் பொறுமை கிடையாது.

அவனுக்குக் காத்திருக்க முடியாத ஒரு நாளில்தான் அந்த மோசடியில் மாட்டப் பார்த்தேன். பிரிண்டர் மை இழுக்கவில்லை. கூகுளில் தேடி, மேலே வந்த ‘சேவை மைய’ எண்ணை அழைத்தேன். இனிமையாகப் பேசினார். கைப்பேசியில் ஒரு திரைப் பகிர்வுச் செயலியைப் போடச் சொன்னார், போட்டேன். பதிவுக் கட்டணம் ஐந்து ரூபாய் மட்டும், பணம் அனுப்பும் செயலியைத் திறங்கள் என்றார். அக்கா மகன் கணினியைப் பார்க்கிறானே, அதே மாதிரிதான் என்று நான் திறக்கப் போனேன். ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்திருந்த கணவர், “பிரிண்டருக்கு எதற்கு உன் பேங்க்?” என்று கேட்டுக் கைப்பேசியைப் பிடுங்கி அணைத்துவிட்டார். திரை அவர்கள் கண்ணுக்குத் தெரியும்போது நாம் அடிக்கும் ரகசிய எண்ணும் வரும் ஓ.டி.பி.யும் தெரியும். ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே இதைப்பற்றி வங்கிகளை எச்சரித்திருக்கிறது. பணம் போயிருந்தால் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழைத்திருக்க வேண்டும். அந்த எண்ணை இப்போது நோட்டின் அட்டையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். பிரிண்டருக்கு வந்தது வேறொன்றுமில்லை, பதினைந்து நாள் ஓட்டாமல் விட்டதில் மை காய்ந்துவிட்டது.

இனி, நான் தம்பி என்று அழைக்கும் மெக்கானிக்கைப் பற்றி. பெயர் வேண்டாம். காட்பாடியில் ஒரு கடையில் வேலை பார்த்து, பிறகு தனியாக வீடு வீடாகப் போய்ச் சரிசெய்பவர். 2022-இல் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று கணினி மிரட்டியது. கடையில் வைரஸ் என்றார்கள், மருந்து வழக்கமானதுதான். தம்பி வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், கையைக் கட்டிக்கொண்டார். “இது தினமும் வருகிறதா, சில நாள் மட்டுமா அக்கா?” காலையில் வருகிறது என்றேன். “இரவு எப்படி அணைப்பீர்கள்?” ஷட் டவுன் செய்து, யு.பி.எஸ்.ஸை அணைத்து, சுவர் சுவிட்சையும் அணைப்பேன். மின் கட்டணம் ஏறுகிறதே. “அணைக்காத நாள் உண்டா?” யோசித்தேன். தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பிய அவசரத்தில் சுவிட்சை அணைக்காமல் போன நாள், திரும்பி வந்து போட்டபோது எல்லாம் ஒழுங்காகத் திறந்தது. அப்போதுதான் திரையின் வலது கீழ் மூலையைக் காட்டினார். 2015 ஜனவரி 1 என்றிருந்தது. ஒரு வாரமாக அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டே வேலை செய்திருக்கிறேன்!

உள்ளே மதர்போர்டில் நாணயம் அளவில் ஒரு பேட்டரி, சி.ஆர். 2032, மூன்று வோல்ட். மின்சாரம் முழுக்க நின்றாலும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். தீர்ந்துபோனதால் நான் சுவிட்சை அணைக்கும் ஒவ்வொரு இரவும் கணினி பழைய தேதிக்குத் திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் இந்த நாள் முதல் இந்த நாள் வரை என்று காலம் உண்டு. 2015-இல் நிற்கும் கணினிக்கு 2022-இன் சான்றிதழ் இன்னும் பிறக்காத ஒன்று. பேட்டரி 40 ரூபாய், அவர் கூலி 300. நோட்டில் அந்தப் பக்கம் முழுக்க நிறைந்திருக்கிறது. என்ன நடந்தது என்பதை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

அதன்பின் எல்லாம் அவர்தான். மே மாத மதியங்களில் கணினி தானாக அணைந்துகொண்டிருந்தது. வேலூர் வெயில், மேலே மொட்டைமாடி. அறைக்குள் மனிதருக்கே தலை சுற்றும். “மதியம் மட்டுமா, இரவிலுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தார். உள்ளே விசிறியில் ஒரு தலையணைக்குப் பஞ்சு. தூசி தட்டி, பிராசஸர் மேல் காய்ந்திருந்த, சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினார். அளவுக்கு மேல் சூடானால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அணைகிறதாம். யு.பி.எஸ். பேட்டரி இரண்டு கோடையைத் தாண்டாததற்கும் இதே சூடுதான் காரணம் என்று அதை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்தினார். பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்.எஸ்.டி. போட்டதும் அவர் யோசனைதான். பால் காய்ச்சும் நேரம் இப்போது கிடைப்பதில்லை. குறை உண்டு: செவ்வாய் வருகிறேன் என்றால் வியாழன், அதுவும் பாலாற்றுப் பாலத்தில் நெரிசல் இல்லாவிட்டால்.

இப்போது புதுப் பிரச்சினை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. என்னுடைய கணினியில் இருப்பது இன்டெலின் ஆறாம் தலைமுறை ஐ3 பிராசஸர். விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். கடையில் விசாரித்தபோது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள் என்றார்கள். தம்பி கேட்டது வேறு: “உங்கள் பேஜ்மேக்கரும் வானவில்லும் புதியதில் ஓடுகின்றனவா என்று பார்த்தீர்களா, அக்கா?” பார்க்கவில்லை. இப்போதைக்கு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, 2026 அக்டோபர் வரை கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்கும்படி பதிவு செய்து கொடுத்திருக்கிறார். என் எழுத்துருக்களையும் பத்துப் பழைய பத்திரிகைக் கோப்புகளையும் பென் டிரைவில் வாங்கிப் போயிருக்கிறார், அவரிடம் உள்ள விண்டோஸ் 11 கணினியில் திறந்து பார்க்க. ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்வதாகப் பேச்சு. அன்றைக்குப் பெரிய முகூர்த்தம், ஆகவே எனக்கு ஓய்வு. முகூர்த்தத்தன்று பத்திரிகை அடிப்பவர் யாருமில்லை.