மரக்கூட்டுக்குள் எஃகுத் தடம்: சீடார் பாயின்டின் ஸ்டீல் வெஞ்ஜன்ஸ்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்குள் நீண்டு கிடக்கும் நிலத்துண்டில் இருக்கிறது சீடார் பாயின்ட் பூங்கா. அதன் பின்கோடியில் நிற்கும் ஸ்டீல் வெஞ்ஜன்ஸ் என்ற ரோலர் கோஸ்டரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 200 அடி செங்குத்து இறக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இறக்கம் அபாரம்தான். ஆனால் இந்த ரைடின் உயிர் பின்பாதியில், ரயில் மரச்சட்டங்களுக்குள் புகுந்த பிறகு இருக்கிறது.

அந்த மரச்சட்டங்களில் பெரும்பகுதி 1991-இல் திறந்த மீன் ஸ்ட்ரீக் (Mean Streak) என்ற பழைய மர ரோலர் கோஸ்டருடையவை. 161 அடி உயரம், மணிக்கு 105 கி.மீ. வேகம். அக்காலத்தில் பிரம்மாண்டமாகப் பேசப்பட்டது. போகப்போக உடம்பை உலுக்கி எடுப்பதற்கே பேர் போனது. காரணம் தடத்திலேயே இருந்தது. மர ரோலர் கோஸ்டரின் தண்டவாளம் என்பது பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி போல்ட் போட்டு இறுக்கி, சக்கரம் உருளும் இடத்தில் மட்டும் மெல்லிய எஃகுப் பட்டை பதித்தது. மழையில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும், போல்ட் தளரும். பள்ளத்தின் அடியிலும் வளைவிலும் பாரம் முழுதும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுவதால் அங்கே தடம் குழிந்துபோகும். அடுத்த ரயில் அந்தக் குழியில் இடித்து அதை இன்னும் ஆழமாக்கும். தச்சர்கள் பலகை மாற்றிக்கொண்டே இருந்தாலும் இது ஓயாது. கடைசியில் முதல் இறக்கத்திலேயே பிரேக் வைத்து வேகத்தைக் குறைத்தார்கள். வேகம் குறைந்தால் மேட்டில் உடம்பு எழும்பாது. அப்புறம் மிஞ்சுவது அதிர்வு மட்டும்தான். 2016 செப்டம்பரில் மூடினார்கள்.

ஐடஹோவைச் சேர்ந்த ராக்கி மவுன்டன் கன்ஸ்ட்ரக்‌ஷன் நிறுவனத்தின் ஐ-பாக்ஸ் தடம் இந்த நோயின் வேரிலேயே கை வைக்கிறது. எஃகுத் தகடுகளைத் தேவையான வளைவுக்கு வெட்டி, பட்டறையிலேயே பற்றவைத்துத் தண்டவாளமாக்கி, கொண்டுவந்து மரச்சட்டத்தின் மேல் பூட்டுகிறார்கள். 2011-இல் டெக்ஸாஸின் ஆர்லிங்டனில் பழைய டெக்ஸாஸ் ஜயன்ட்தான் இப்படி மாறிய முதல் ரைடு. எஃகு ஊதாது, குழியாது. ஆகவே தடத்தை எவ்வளவு வேண்டுமானாலும் சாய்க்கலாம், கவிழ்க்கவும் செய்யலாம். மீன் ஸ்ட்ரீக்கும் இப்படித்தான் மாறியது. 2018 மே 5-இல் திறந்த ஸ்டீல் வெஞ்ஜன்ஸ் 205 அடி உயரம், 5,740 அடி நீளம், மணிக்கு 119 கி.மீ.; நான்கு முறை தலைகீழாகப் போகிறது.

இரண்டரை நிமிடப் பயணத்தில் 27.2 விநாடி ‘ஏர்டைம்’, அதாவது இருக்கையை விட்டு உடம்பு எழும்பி நிற்கும் நேரம், என்பது பூங்கா சொல்லும் கணக்கு. முன்பாதியின் பெரிய மேடுகளில் அது நிதானமாக வரும்: மெல்லத் தூக்கி, சற்று நேரம் தொங்கவிடும். நடு பிரேக்கைத் தாண்டியதும் கதை மாறிவிடுகிறது. மேடுகள் குட்டையாகின்றன, இடைவெளி சுருங்குகிறது. ஒரு மேட்டில் எழும்பிய உடம்பு இருக்கையில் அமர்வதற்குள் அடுத்தது வந்துவிடும். இருபுறமும் தூண்களும் குறுக்குச் சட்டங்களும் கை நீட்டினால் தட்டும் என்று தோன்றும்படி பறக்கின்றன. திறந்த வெளியில் நிற்கும் எஃகு ரைடில் இதே வேகம் பாதியாகத்தான் உறைக்கும்.

இழப்பும் உண்டு. மரத்தடத்துக்கே உரிய அந்தத் தடதடப்பு போய்விட்டது. அதற்காகவே மர ரோலர் கோஸ்டரைத் தேடிப் போகிறவர்களுக்கு இது வேறொரு சாதிப் பண்டம்.

எங்கள் ஒரே பெரிய குறை இருக்கைத் தடுப்பு. மடியை அழுத்தும் கம்பியான பாரோடு (lap bar) கால் முன்னெலும்பை அணைக்கும் பட்டையும் சேர்ந்தே இறங்குகிறது. பலர் அவசரத்தில் முன்னால் சரிந்து உட்கார்ந்தபடியே பாரை இழுத்துவிடுகிறார்கள். முதல் மேட்டில் உடம்பு எழும்பி விழும்போது இடுப்பு பின்னால் நகரும், உண்டான இடைவெளியில் பார் இன்னும் ஒரு படி இறங்கிவிடும். மீதிப் பயணம் முழுக்கத் தொடையில் வலிதான். இதற்கு வழி இருக்கிறது: இடுப்பு முதுகுப்பலகையில் முட்டும்வரை பின்னால் போய், பாதம் இரண்டையும் தரையில் ஊன்றி, முதலில் பெல்ட்டை மாட்டுங்கள், பிறகு பாரை இழுங்கள். பணியாளர் வந்து அழுத்திப் பார்ப்பதற்கு முன் நீங்களே தொடையோடு ஒட்டும்வரை இறக்கிவிடுங்கள். தளர்வாக விட்டுவைப்பது எந்த ரைடிலும் விளையாட்டல்ல. 2013-இல் அதே டெக்ஸாஸ் ஜயன்டில் ஒரு பெண் விழுந்து இறந்த பிறகுதான் அங்கே பெல்ட் சேர்த்தார்கள். தொடை பருத்தவர்கள் வரிசையில் நிற்கும் முன் வாசலில் மாதிரி இருக்கை இருக்கிறதா என்று கேட்டு உட்கார்ந்து பார்ப்பது நல்லது. குறைந்தபட்ச உயரம் 52 அங்குலம்.

சட்டைப் பையிலோ கால்சட்டைப் பையிலோ எதையும் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். இவ்வளவு ஏர்டைமில் செல்போன் பறந்தால் அது பின்வரிசைக்காரர் முகத்துக்குத்தான் போகும். 2019-இல் வரிசைக்குள்ளேயே போனுக்குத் தடை போட்டது இதனால்தான். மூக்குக்கண்ணாடிக்குப் பின்கயிறு கட்டாயம் வேண்டும்.

ஒரு ரயிலில் 24 பேர், மொத்தம் மூன்று ரயில்கள். திறந்த அன்றே நிலையத்துக்குத் திரும்பிய ரயில் நின்றிருந்த ரயிலை இடித்ததால் சில வாரம் ஒரே ரயிலை ஓட்டினார்கள். வரிசை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை ரயில்களின் எண்ணிக்கையே தீர்மானிக்கிறது. சேரும் முன் எத்தனை ஓடுகின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். காற்றும் மின்னலும் வந்தால் நிறுத்திவிடுவார்கள். ஏரிக்கரையில் அது அடிக்கடி வரும்.

முன்வரிசையில் உட்கார்ந்தால் மரச்சட்டங்கள் எதிரே ஓடிவருவது தெரியும். கடைசி வரிசையில் உட்கார்ந்தால் உச்சியைத் தாண்டும்போது முன்னால் போன பெட்டிகள் வெடுக்கென்று இழுக்கும். ஒரே ஒரு தடவைதான் முடியும் என்றால் கடைசி வரிசை, அதுவும் இருட்டிய பிறகு. நாள் முழுக்க ஓடிச் சூடேறிய சக்கரங்கள் காலையைவிட வேகமாக உருளும்; பின்பாதியில் அடுத்த சட்டம் எங்கே இருக்கிறது என்றே கண்ணுக்குத் தெரியாது.