மூன்று பத்தியில் முகவரிச் சீட்டு: ஃபாக்ஸ்புரோவில் தொடங்கி பிரவுசர் வரை

ஒரு மாதப் பத்திரிகையின் சந்தாதாரர் பட்டியலை 1998இலிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஏறக்குறைய 1,200 முகவரிகள். முதலில் பல ஆண்டுகள் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தில் ஓடும் ஃபாக்ஸ்புரோ 2.6 என்ற தரவுத்தள மென்பொருள், எப்சன் எல்எக்ஸ்-300 டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். இப்போது பிரவுசர், லேசர் பிரிண்டர், ஏ4 ஸ்டிக்கர் தாள். இரண்டிலும் நிறைய நாள் புழங்கியாயிற்று.

சீட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே பத்தியில் (காலம்) அடிப்பதில் ஒன்றுமில்லை. பக்கம் பக்கமாக மூன்று பத்தி என்றதும்தான் வேலை ஆரம்பம். நான் முதலில் எழுதிய புரோகிராம் இடது முகவரியை முழுசாக அடித்துவிட்டு, நடு முகவரிக்காக மறுபடி முதல் வரிக்குப் போகச் சொன்னது. தாண்டிவந்த வரிக்குத் திரும்பச் சொன்னால் ஃபாக்ஸ்புரோ பக்கத்தையே தள்ளிவிடும். அதனால் ஒரு தாளுக்கு ஒரு முகவரி என்று வந்துகொண்டே இருந்தது. பிரிண்டருக்குக் கீழே இறங்கத்தான் தெரியும். ஆகவே மூன்று பேருடைய முகவரியையும் முதலில் ஒரு அர்ரேயில் (புரோகிராமின் நினைவில் இருக்கும் பட்டியல்) வாங்கிவைத்துக்கொண்டு, மூவரின் பெயரையும் ஒரே வரியில், மூவரின் தெருவையும் அடுத்த வரியில் என்று அடிக்க வேண்டும். கடைசியில் ஒருவரோ இருவரோ மிஞ்சினால் மீதி இடத்தை வெறுமையாக நிரப்ப வேண்டும். இதை மறந்தால் முந்தைய ஆளின் முகவரி இன்னொரு முறை வரும்.

அளவுக் கணக்கு இது. அங்குலத்துக்கு 12 எழுத்து வைத்தால் 8 அங்குலத்தில் 96 எழுத்து, பத்திக்கு 32. சீட்டின் உயரம் ஒன்றரை அங்குலம் என்றால், அங்குலத்துக்கு 6 வரி வீதம் 9 வரி. அதில் 7 முகவரிக்கு, 2 இடைவெளிக்கு. ஒருமுறை ஒரு நீள முகவரி 10ஆவது வரியைத் தொட்டுவிட்டது. அதற்குக் கீழே இருந்த அத்தனை சீட்டும் ஒரு வரி இறங்கி, பின்கோடு ஸ்டிக்கரின் விளிம்பில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து 7 வரிக்கு மேல் போனால் அடிக்காமல் திரையில் காட்டி நிறுத்தும்படி செய்தேன். ஸ்டிக்கர் தாளை மட்டும் பின்னோக்கிச் சுற்றவே கூடாது. சீட்டு உரிந்து உருளையில் ஒட்டிக்கொள்ளும், எடுப்பதற்குள் உயிர் போய்விடும்.

அச்சானபின் மேசையில் கை என்ன செய்யப்போகிறது என்று பார்த்துத்தான் வரிசையை முடிவு செய்ய வேண்டும். ஸ்டிக்கர் என்றால் இடமிருந்து வலமாக உரிப்போம், அதனால் 1, 2, 3 என்று குறுக்காக வரலாம். ஆரம்பத்தில் செலவைக் குறைக்க வெறும் தொடர்தாளில் அடித்து, நீளவாக்கில் மூன்று பட்டையாக வெட்டி, மைதா பசை தடவி ஒட்டினோம். அப்போது குறுக்கு வரிசை சரிப்படாது. இடது பட்டையில் 1 முதல் 400, நடுவில் 401 முதல் 800, வலதில் மீதி என்று அடித்தால் மூன்று பட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அப்படியே ஒட்டிக்கொண்டு போகலாம். புரோகிராமில் மாறுவது ஒரே ஒரு வரிதான். ஒட்டுபவர்களுக்கு ஒரு சாயங்காலம் மிச்சம்.

பின்கோடு வரிசை கட்டாயம். முதல் மூன்று இலக்கம் மாறும் இடத்தில் ஒரு சீட்டை ஒதுக்கி, ‘625 – 43 பிரதி’ என்று அடிக்கவைத்தேன். மதுரைக் கட்டு எங்கே முடிகிறது, கோவையின் 641 எங்கே தொடங்குகிறது என்று யாரையும் கேட்க வேண்டாம். இந்த ஒரு வசதிக்காகவே சொந்தமாகப் புரோகிராம் எழுதலாம் என்பேன். ஆயத்த மென்பொருள் எதிலும் இது எனக்கு இவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை.

அப்புறம் தமிழ். டாஸ் காலத்தில் எங்கள் முகவரிகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான். யூனிகோடுக்கு மாறியபோது பழைய கணக்கு உடைந்தது. ‘கோவிந்தன்’ கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஒன்பது. போதாததற்கு ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு அகலம். இடைவெளி விட்டுப் பத்தியை நேராக்கும் வித்தை இங்கே பலிக்காது. இப்போது ஒரு சின்ன புரோகிராம் முகவரிகளை எச்டிஎம்எல் (வலைப்பக்கம் எழுதும் மொழி) கட்டங்களாக எழுதித் தருகிறது, அளவெல்லாம் மில்லிமீட்டரில். கொம்பும் காலும் இடம் மாறாமல் தமிழைச் சரியாகக் காட்டும் வேலையை பிரவுசர் பார்த்துக்கொள்கிறது. அச்சிடும்போது அளவு 100 சதவீதம் என்றிருக்க வேண்டும். ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்று விட்டுவிட்டால் மேல் வரிசை சரியாக இருக்கும், எட்டாவது வரிசை கட்டத்தைத் தாண்டிவிடும்.

பாதி உரித்த தாளை லேசரில் மறுபடி விடுவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டில் மிச்சச் சீட்டு கழன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் கடைசித் தாளில் காலியாகும் கட்டங்களில் எங்கள் அனுப்புநர் முகவரியையே அடித்துவிடுகிறேன், மாதம் முழுக்கத் தபால் உறைகளுக்கு ஆகிறது. ஒவ்வொரு மாதமும் முதல் பக்கத்தை வெள்ளைத்தாளில் அடித்து, ஸ்டிக்கர் தாளோடு சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். 24 கட்டமும் பொருந்தினால்தான் ஸ்டிக்கர் தாளை டிரேயில் வைப்பேன்.