நட்சத்திர ஆப்பா, வெறுங்கண்ணா?

மார்கழி இரவு எட்டு மணி, கரண்ட் போன மொட்டை மாடி. வானம் பார்க்க இதைவிடத் தோதான நேரம் கிடையாது.

ஆப் இருந்தால் போனைத் தூக்கிக் காட்டினால் போதும், பெயர் வந்து விழும். கார்த்திகைக் கூட்டம் சுமார் 440 ஒளியாண்டு தூரமாம். அக்பர் காலத்தில் கிளம்பிய வெளிச்சம் இப்போதுதான் நம் மாடிக்கு வருகிறது! வெறுங்கண் இதைச் சொல்லாது.

ஆனால் திரை வெளிச்சம் பட்ட கண் மறுபடி இருட்டுக்குப் பழக 20 நிமிஷமாவது ஆகும். போனை ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தால் கார்த்திகைக் கூட்டம் முதலில் ஒரு புகைத்திட்டு. அப்புறம் நாலு, ஐந்து, ஆறு நட்சத்திரம். ஏழாவது நிஜமா, கண் ஏமாற்றுகிறதா? பக்கத்து மாடித் தாத்தா எட்டு என்று சாதிப்பார்.

ஆயுளின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் சிவந்த திருவாதிரை நட்சத்திரம் என்றைக்கு வெடிக்கும் என்பது ஆப்புக்கும் தெரியாது. 2019 கடைசியில் அது மங்கியபோது பலர் ஆவலாகக் காத்திருந்தார்கள். தூசிதான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

என் ஓட்டு வெறுங்கண்ணுக்கே. பெயர் தெரிந்ததும் அடுத்ததற்குத் தாவிவிடுகிறேன். தெரியாதவரை நகர மனசு வராது. மின்னுவது வியாழனா, சிரியஸ் நட்சத்திரமா என்று தாத்தாவோடு சண்டை முற்றினால் மட்டும் ஆப்பைத் திறப்பேன்.