சாயப் பைக்கற்றிலிருந்து வேலியோர மருதோன்றிக்கு: மூன்றரை ஆண்டு அனுபவம்

முப்பத்தாறு வயதில் முன்நெற்றியில் நரை தெரிந்த நாளிலிருந்து பதினொரு ஆண்டுகள், மூன்று கிழமைக்கு ஒரு தடவை கறுப்புச் சாயம் பூசி வந்தேன். இலங்கையின் வடக்கே மல்லாவிப் பக்கத்துப் பாடசாலையொன்றில் ஆசிரியையாக இருக்கும் எனக்கு, அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுவதும் மறுநாள் யாரும் வித்தியாசம் காணாததும் பெரிய வசதிகளாக இருந்தன. அந்த வசதியை இன்றும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கடைசி இரண்டு ஆண்டுகளில், சாயம் பூசிய மறுநாள் காதுமடலின் பின்புறமும் பிடரியும் கடித்துச் சிவந்து, நீர் கசிந்து, பொருக்குக் கட்டத் தொடங்கின. சாயத்திலுள்ள பரா-பீனைலீன் டயமீன் என்ற பொருளே காரணம் என்றும், உடல் ஒருமுறை அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் அடுத்தடுத்த தடவைகளில் கூடக்கூடுமே தவிர விட்டுப்போகாது என்றும் தோல் மருத்துவர் விளக்கினார். அது 2022ஆம் ஆண்டு. இறக்குமதிப் பொருட்களெல்லாம் விலையேறிச் சாயப் பைக்கற்றும் எட்டாத விலைக்குப் போயிருந்ததால், கைவிடுவது அவ்வளவு கடினமாக இருக்கவில்லை.

கைவிட்டேன் என்று நான் நினைத்ததுதான் முதற் பிழை. கடையில் 'கறுப்பு மருதோன்றி' என்று இலைப் படத்தோடு விற்ற ஒரு தூளை வாங்கி, இனி இயற்கைதானே என்ற நம்பிக்கையில் நிறையவே குழைத்துப் பூசினேன். இரண்டாம் நாள் இடது கண்ணிமை வீங்கி, ஒரு கிழமை விடுப்பு எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைக்கற்றின் பின்புறத்துப் பொடி எழுத்தை வாசித்தபோது, மருத்துவர் தாளில் எழுதித் தந்த அதே பெயர் அங்கே இருந்தது. மருதோன்றி இலை எந்தக் காலத்திலும் தனியே கறுப்பு நிறம் தராது என்பதை அன்றைக்கு அறிந்திருந்தால் அந்த ஒரு சொல்லே எனக்கு எச்சரிக்கையாக இருந்திருக்கும். இலையிலுள்ள லோசோன் என்ற நிறமி மயிரின் கெரட்டின் புரதத்தோடு பிணைந்து செம்மஞ்சள் நிறத்தையே தரும். காற்றுப் பட்டு இரண்டொரு நாளில் அது செம்பழுப்பாக இறுகும். அதற்கு மேல் கறுப்பாக ஒரு தூள் நிறமூட்டினால், அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது.

அதன்பின் எங்கள் வேலியோரத்து மருதோன்றியையே நம்பினேன். முற்றிய இலையை உருவி, நிழலில் உலர்த்தி, இடித்து, பழைய வேட்டித் துணியில் இரண்டு தடவை அரித்தெடுக்க வேண்டும். ஒரு தடவையோடு நிறுத்தினால் ஈர்க்குத் துண்டுகள் மயிருக்குள் சிக்கி, மூன்று நாள் சென்றும் கரும்பலகைக்கு முன்னால் தோளில் உதிர்ந்துகொண்டிருக்கும். தோளளவு மயிருக்கு ஏறத்தாழ 100 கிராம் தூளை, ஆறிய கடும் பிளேன்ரீயிலும் அரைத் தேசிக்காய்ப் புளியிலும் தயிர்ப் பதத்துக்குக் குழைத்து, இரவு முழுதும் மூடி வைக்கிறேன். இரும்புத் தாச்சியில் வைத்தால் கறுக்கும் என்று மாமி சொன்னதையும் செய்து பார்த்தேன். தாச்சி கறுத்தது, கலவை கறுத்தது, தலை மட்டும் கறுக்கவில்லை. காலையில் பூசி, பொலித்தீன் பையால் கட்டி, மூன்று மணி நேரம் இருந்து, கிணற்றடியில் அலசும்போது சீமெந்துத் தரையில் செங்கல் கரைந்தது போல் தண்ணீர் ஓடும். எங்கள் கிணற்று நீர் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அளவுக்குக் கடினமானது. குழைப்பதற்கும் கடைசி அலசலுக்கும் சுத்திகரித்த குடிநீரைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகே மயிர் வைக்கோல் போல் வறண்டு போவது குறைந்தது.

முதல் இரண்டு மாதங்கள் சங்கடமாகவே இருந்தன. பழைய சாயத்தின் கறுப்பு நுனியிலும் புதிய செம்மை அடியிலுமாக, தலை இரண்டு ஆட்களுடையது போல் இருந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளையொன்று, "ரீச்சர், வெயில் பட்டா உங்கட தலை நெருப்பு மாதிரிக் கிடக்கு" என்றது. அது உண்மை, நரை இழைகள்தான் அப்படி மின்னுகின்றன, கருமயிரில் நிறம் தெரிவதே அரிது. மயிர் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும் என்பதால், சாயம் ஏறிய நுனிகளை வெட்டி முடிக்க ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிடித்தது.

கறுப்பு வேண்டிய நாட்களுக்கு, வவுனியாவின் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய, நீலச் சாயம் தரும் அவுரிச் செடியின் இலைத் தூளைப் பயன்படுத்துகிறேன். மருதோன்றியை அலசிய பின், அவுரியை வெதுவெதுப்பான வெறுந்தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்போடு குழைத்து, பதினைந்து நிமிடத்துக்குள் பூசிவிட வேண்டும். மருதோன்றியைப் போல ஊறவைத்தால் நிறம் பாத்திரத்திலேயே போய்விடும், தேசிக்காயும் கூடாது. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போகுமுன் இந்த இரட்டை வேலையைச் செய்கிறேன். முழு ஞாயிற்றுக்கிழமையும் அதற்கே சரியாகிவிடும் என்பதால், மற்ற மாதங்களில் செம்பழுப்போடு விட்டுவிடுகிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மாரிக் குளிரில் நிறம் சரியாக ஏறுவதில்லை. ஈரத் தலையோடு மூன்று மணி நேரம் இருந்தால் எனக்குத் தடிமன் பிடிக்கிறது. தலையணை உறைகள் இரண்டு பாழாயின. இலை இயற்கையானது என்பதற்காக எல்லோருக்கும் ஒத்துவரும் என்றும் இல்லை: இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு, சிறப்பாகக் குழந்தைகளுக்கு, மருதோன்றி இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடும். புதிய தூள் எதுவானாலும் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி 48 மணி நேரம் பார்க்காமல் நான் இப்போது தலைக்கு எடுப்பதில்லை.

காதுப் பின்புறத்தில் கடி இல்லாமல் மூன்றரை ஆண்டுகள் ஆகின்றன. மறுநாள் காலையே கறுப்பாகப் போக வேண்டியவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. இந்த முறை ஐப்பசி மழைக்கு முன்னரே கிளைகளை வெட்டி உலர்த்திவிட்டேன். பால்மா ரின் ஒன்று நிறைய இருக்கும் தூள் தை வரைக்கும் போதும்.