கோகோவுக்காக ஒரு பயணம்: டிரினிடாடா, கிரெனடாவா?

கரீபியனில் சாக்லேட்டுக்காகவே ஒரு பயணம் என்று தீர்மானித்துவிட்டால், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு நாடுகளுக்குள் போட்டி வந்துவிடும். ஒன்று டிரினிடாட் டொபாகோ, எண்ணெயும் எரிவாயுவும் உள்ள பெரிய வீடு. அதற்கு வடக்கே கிரெனடா. அதன் தீவுகளை எல்லாம் சேர்த்தாலும் 344 சதுர கிலோமீட்டர்தான், சென்னை மாநகராட்சியைவிடச் சிறியது. சர்வதேச கோகோ அமைப்பு இரண்டு நாடுகளின் கோகோவையும் நூற்றுக்கு நூறு உயர்தர நறுமண வகை என்றே பட்டியலிட்டிருக்கிறது. ஆகவே கொட்டையின் தரத்தைக் காட்டி எதையும் தள்ள முடியாது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாரம்பரியத்தில் டிரினிடாட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை, வருகிறவருக்கு அதை எடுத்துக் காட்டும் சாமர்த்தியத்தில் கிரெனடா வெகுதூரம் முன்னே நிற்கிறது.

டிரினிடாட்டின் பெருமை ஒரு பேரழிவில் தொடங்குகிறது. 1727-இல் அங்கிருந்த கிரியோல்லோ என்ற மணமிக்க கோகோ வகையின் தோட்டங்கள் ஏறக்குறைய அடியோடு போயின. புயலா, நோயா என்பதில் இன்னும் வழக்குத் தீரவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்துக் கிழக்கு வெனிசுவேலாப் பக்கமிருந்து ஃபொராஸ்டெரோ என்ற உடல்வலுவுள்ள வகையின் விதைகள் வந்தன. எஞ்சி நின்ற பழைய மரங்களோடு அவை தாமாகவே கலந்து, ஒன்றின் மணமும் மற்றதன் உடல்பலமும் கொண்ட டிரினிடாரியோ உருவானது. யாரும் திட்டமிட்டுச் செய்த கலப்பு அல்ல. இன்று உலகின் உயர்தரச் சாக்லேட்டில் பெரும்பங்கு இந்த வகையைச் சேர்ந்தது. கிரெனடாத் தோட்டங்களில் நிற்பதும் பெரும்பாலும் இதுவே.

அடுத்த கட்டம் ஆராய்ச்சி. டிரினிடாட்டின் செயின்ட் அகஸ்டினில் 1920-களில் தொடங்கிய வெப்பமண்டல வேளாண் கல்லூரியில் எஃப்.ஜே. பவுண்ட் என்றொரு ஆய்வாளர் இருந்தார். 1930-களில் தீவின் தோட்டங்களில் தேடித் தேடி 100 மரங்களைத் தேர்ந்தெடுத்தார். ஐ.சி.எஸ். (இம்பீரியல் கல்லூரித் தேர்வு) 1 முதல் 100 வரை எண்ணிட்ட அந்த வகைகள் பிறகு பல நாடுகளுக்குப் பயணப்பட்டன. அந்தச் சமயத்தில் தீவை ஆட்டிப்படைத்தது விட்ச்சஸ் புரூம் என்ற பூஞ்சண நோய். கிளை நுனிகள் கொத்துக்கொத்தாக விறைத்துக் காய்ந்துவிடும், காயும் அழுகும். 1928-இல் அது டிரினிடாட்டுக்குள் நுழைந்தது. அதைத் தாங்கும் மரங்களைத் தேடி பவுண்ட் மேல் அமேசான் காடுகளுக்கே போனார். அந்தச் சேகரிப்பின் வாரிசாக, டிரினிடாட்டின் செண்டெனோவில் இன்று சுமார் 2,400 கோகோ வகைகளைக் கொண்ட மரபணுத் தோட்டம் நிற்கிறது. உலகில் எங்கோ ஒரு நாட்டில் புது நோய் வந்தால் எதிர்ப்புச் சக்திக்காகக் கைநீட்டும் இடங்களில் இதுவும் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், சுற்றுலாப் பயணிக்கு இது கண்ணிலேயே படாது. ஆராய்ச்சிப் பண்ணை என்பதால் நினைத்த நேரத்தில் உள்ளே நுழைய முடியாது. வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகத்தின் கோகோ ஆராய்ச்சி மையத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

பொள்ளாச்சியில் தென்னைக்கு அடியில் கோகோவைப் பார்த்துப் பழகியவர்களுக்கு டிரினிடாட் தோட்டத்தின் மேல்தளம் புதிதாக இருக்கும், ஆனால் அந்நியமாக இருக்காது. அங்கே நிழல் தருவது இம்மார்ட்டெல் மரம். நம் கல்யாண முருங்கையின் குடும்பம். ஆண்டின் தொடக்கத்தில் இலையை உதிர்த்துவிட்டு மலைச்சரிவு முழுவதும் ஆரஞ்சு நிறத்தில் பூத்துக் கிடக்கும்.

உலர்த்தும் முறையில்தான் இரண்டு தீவுகளும் சுவையாகப் பிரிகின்றன. டிரினிடாட்டின் பழைய கோகோ வீட்டில் தளம் அசையாது, கூரை நகரும். வெயில் வந்தால் தண்டவாளத்தில் கூரையைத் தள்ளிவிட்டு, நொதித்த கொட்டையை மரத்தளத்தில் பரப்புவார்கள். மேகம் கறுத்தால் இழுத்து மூடுவார்கள். பாதி காய்ந்த நிலையில் லேசாகத் தண்ணீர் தெளித்து, குவியலின் மேல் வெறுங்காலோடு ஏறி, தாளம் பிடித்து மிதிப்பார்கள். இதற்குக் கோகோ நடனம் என்றே பெயர். கொட்டை ஒன்றோடொன்று உரசி, ஒட்டிக் காய்ந்த சதை உதிர்ந்து பளபளப்பேறும். பூசணமும் எளிதில் பிடிக்காது. இன்று இது பெரும்பாலும் விருந்தினருக்கான காட்சியாகிவிட்டது. கிரெனடாவில் தலைகீழ்: கூரை அசையாது, தட்டு நகரும். கட்டடத்துக்கு அடியிலிருந்து பெரிய மரத்தட்டுகளை வெளியே இழுப்பார்கள், மழை வந்தால் உள்ளே தள்ளுவார்கள். பெல்மாண்ட் எஸ்டேட்டில் தொழிலாளிகள் பரப்பிய கொட்டைக்குள் காலை இழுத்து இழுத்து நடப்பதைப் பார்த்தால், களத்தில் நெல்லைக் காலால் கிளறிவிடும் நம் ஊர்ப் பெண்கள்தான் நினைவுக்கு வருவார்கள்.

நம் சங்கதியும் டிரினிடாட்டில் கொஞ்சம் உண்டு. 1845 முதல் 1917 வரை 1,40,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே இறங்கினார்கள். பெரும்பாலோர் கல்கத்தா வழியாக வந்த வட இந்தியர்; சிறுபகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். அவர்களுடைய காளி கோயில் வழிபாடு இன்றும் ‘மதராசி’ அடையாளத்தோடு நீடிக்கிறது. கூலிகளை அழைத்தது கரும்புக்காகத்தான். ஒப்பந்தம் முடிந்தபின் பலர் கோகோவுக்கு மாறினார்கள். காட்டை வெட்டிக் கன்று நட்டு, ஊடே சாப்பாட்டுப் பயிர் போட்டுக்கொண்டு, சில ஆண்டுகள் கழித்து ஒரு மரத்துக்கு இவ்வளவு என்று முதலாளியிடம் வாங்கிக்கொண்டு நிலத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடு அது. மரம் வளர்ந்தபோது ஆள் வேறு இடத்துக்குப் போயாக வேண்டும். தோட்டச் சுற்றுலாக்களில் மாளிகைக் கதை கேட்ட அளவுக்கு இந்தக் கதை கேட்பதில்லை என்பது என் மனக்குறை.

நோய், விலை வீழ்ச்சி, எண்ணெய் மூன்றும் சேர்ந்து டிரினிடாட் கோகோவைச் சாய்த்துவிட்டன. ஒரு காலத்தில் சர்க்கரையை முந்திய பயிர், இன்று ஆண்டுக்கு ஆயிரம் டன்னைத் தொடுவதில்லை. கஜானாவுக்கு எரிவாயுப் பணம் வரும்போது, கோகோவைக் காட்டிப் பிழைக்க வேண்டிய அவசரம் அரசுக்கு இல்லை. அதனால் சுற்றுலா சிதறிக் கிடக்கிறது: ஒரு காலத்தில் கேட்பரி வைத்திருந்த ஆர்ட்டினோலா எஸ்டேட், லோப்பினோ கிராமம், வடமலையில் பிராசோ செக்கோ, டொபாகோவில் ராக்ஸ்பரோ. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் அருமை. ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக வாடகைக் கார், முன்பதிவு, பொறுமை மூன்றும் தேவை.

கிரெனடாவில் அந்தத் தொல்லை இல்லை. 1999-இல் அமெரிக்கரான மாட் கிரீன் நண்பர்கள் இருவரோடு சேர்ந்து கிரெனடா சாக்லேட் கம்பெனியைத் தொடங்கினார். பழைய இயந்திரங்களைத் தேடிப் பிடித்துச் செப்பனிட்டு, சூரிய மின்சாரத்தில் ஓட்டினார்கள். பெரும்பாலான கோகோ நாடுகளில் கொட்டை மூட்டையாகக் கப்பலேறிவிடும். டிரினிடாட்டின் கிரான் கூவா பகுதிக் கொட்டை புகழ்பெற்றதும் பிரான்சின் வால்ரோனா என்ற சாக்லேட் நிறுவனத்தின் கைபட்ட பிறகுதான். கிரெனடாவோ சாக்லேட்டாகவே செய்து விற்றது. ட்ரெஸ் ஓம்ப்ரெஸ் என்ற பாய்மரக் கப்பலில் ஐரோப்பாவுக்கே அனுப்பியது. மாட் கிரீன் 2013-இல் மின்சாரம் தாக்கி இறந்தார். ஆனால் வழி திறந்துவிட்டது. கிரெனடாவின் விக்டோரியா ஊரில் பழைய ரம் ஆலைக் கட்டடத்தில் ஜூவே சாக்லேட் தயாராகிறது. 2014 முதல் சாக்லேட் திருவிழாவும் நடக்கிறது. (விடுதிகள் விற்கும் சாக்லேட் பூச்சு மசாஜை நான் பாரம்பரியத்தில் சேர்க்கவில்லை.)

கிரெனடா கோகோவுக்கு வலுவூட்டியது ஒரு புயல் என்பதையும் மறக்கக் கூடாது. 2004-இல் ஐவன் புயல் ஜாதிக்காய் மரங்களில் பெரும்பகுதியைச் சாய்த்தது. ஜாதிக்காய் காய்க்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். கோகோ விரைவில் தேறிவிடும். விவசாயிகள் பலர் கோகோ பக்கம் சாய்ந்தார்கள். 2024 ஜூலையில் வந்த பெரில் புயல் வட கிரெனடாவை அடித்தது.

சாப்பாட்டு விஷயத்தில் டிரினிடாட்டுக்கே என் ஓட்டு. கொண்டைக்கடலை வைத்த டபுள்ஸ் தெருவெங்கும் கிடைக்கும். சைவக்காரர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. கிரெனடாவின் தேசிய உணவான ஆயில் டவுனில் உப்பிட்ட இறைச்சி சேரும், கேட்டுச் சாப்பிடுங்கள். ஜாதிக்காய், பட்டை தட்டிப்போட்ட கோகோ டீ மட்டும் இரண்டு இடத்திலும் தவறவிடக் கூடாதது.

மூன்று நான்கு நாள்தான் இருக்கிறது, குழந்தைகளும் உடன் வருகிறார்கள் என்றால் யோசிக்காமல் கிரெனடா. தலைநகர் செயின்ட் ஜார்ஜஸிலிருந்து பெல்மாண்ட் எஸ்டேட்டுக்குக் காரில் சுமார் ஒரு மணி நேரம்; எஸ்டேட் சனிக்கிழமை மட்டும் மூடியிருக்கும். ஒரே நாளில் காயை உடைப்பதிலிருந்து கட்டிச் சாக்லேட் வரை பார்த்துவிடலாம். கோகோவைப் பற்றி ஏற்கெனவே கொஞ்சம் படித்தவர், விவசாயி, தாவரவியல் பித்து உள்ளவர் என்றால் டிரினிடாட்டில் ஒரு வாரம் இருங்கள். கார் ஓட்டுநர் ஒருவரை நாள் கணக்கில் பேசிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நேரம் இருந்தால் டிரினிடாட் முதலில், விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் கிரெனடா பிறகு. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வெயில் காலம், அறுவடையும் நடக்கும், புயல் பயமும் இல்லை. டிரினிடாட்டின் கார்னிவல் வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அறை வாடகை எகிறிவிடும், தோட்டங்களில் ஆளும் கிடைக்காது.