கூடலூர் மலையில் சிக்கிள் செல்: தினமும் கேப்சூலா, ரத்தம் ஏற்றுவதா, மஜ்ஜை மாற்றா, மரபணுத் திருத்தமா?

"சாரே, ஒரே தடவை வைத்தியம் பண்ணா சிக்கிள் போயிரும்னு டிவில சொன்னாங்களே, அது நம்ம பையனுக்குக் கிடைக்குமா?"

போன மாதம் மருந்து கொடுக்கும் ஜன்னலில் நின்றபடி ஒரு அம்மா கேட்ட கேள்வி இது. பந்தலூர்ப் பக்கத்துப் பணியர் பழங்குடிக் குடியிருப்பான ஒரு பாடியிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருந்தார், பின்னால் இருபது பேர் வரிசையில் நின்றார்கள், அதனால் "அது இங்கே இன்னும் வரலைம்மா, இந்த மாத்திரையை விடாம கொடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றைக்கு முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது. நீளமான பதில் சொல்ல வேண்டிய கேள்வி, அதை இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை, மருந்தாளுநர். யார் மருந்தை ஒழுங்காக வாங்குகிறார்கள், யார் நடுவில் காணாமல் போகிறார்கள் என்பது எனக்குத் தெரிகிற அளவுக்கு மருத்துவருக்கே தெரியாது.

சிக்கிள் செல் என்பது பரம்பரையாக வரும் ரத்த நோய். நம் மலைக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவு பழையது. இந்தியாவில் சிக்கிள் ரத்தம் முதன்முதலாகப் பதிவானதே நீலகிரியில்தான். லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-ல் இங்கே உள்ள பழங்குடியினரிடம் அதைக் கண்டு எழுதினார்கள். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுடாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்து உட்காருகிறது, அவ்வளவுதான் கோளாறு. ஆனால் ஆக்சிஜன் குறைந்ததும் அந்த ஹீமோகுளோபின் கம்பி கம்பியாகத் திரண்டு, சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து, சின்ன ரத்தக்குழாய்களை அடைத்துவிடும். 120 நாள் வாழ வேண்டிய அணு பத்திருபது நாளில் செத்துவிடும். குளிர், நனைவது, தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது எல்லாமே வலியைக் கிளப்பும். தேவாலா மழையில் பச்சைத் தேயிலை பறிக்கிற ஆளுக்கு இந்த மூன்றும் ஒரே நாளில் நடக்கும்.

இதில் ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள். அப்பா, அம்மா ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்திருந்தால் அவர் கடத்துபவர், நோயாளி இல்லை, மருந்தும் தேவையில்லை. இருவரிடமிருந்தும் வந்தவருக்குத்தான் கீழே எழுதியிருப்பது.

சரி, முதலில் கேப்சூல். ஹைட்ராக்ஸியூரியா. கருவில் இருக்கும்போது நம் எல்லோருக்கும் ஹீமோகுளோபின் எஃப் என்று ஒரு வகை இருக்கும், பிறந்த சில மாதங்களில் உடம்பு அதை நிறுத்திவிடும். அந்த வகை இருக்கிற சிவப்பணு எளிதில் வளையாது. இந்த மருந்து அந்தப் பழைய ஹீமோகுளோபினை மறுபடி கொஞ்சம் ஊற வைக்கிறது. 1995-ல் அமெரிக்காவில் 299 பெரியவர்களிடம் செய்த ஆய்வில், வலி நெருக்கடி, அதாவது ரத்தக்குழாய் அடைத்து வரும் கடும் வலி, வருடத்துக்கு 4.5 தடவை என்பது 2.5 ஆகக் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்பே முடித்துக்கொண்டார்கள். அதே ஆட்களை ஒன்பது வருடம் தொடர்ந்து பார்த்தபோது மருந்து எடுத்தவர்களிடம் இறப்பு 40 சதவீதம் குறைவு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2019-ல் வெளிவந்த ஆப்பிரிக்க ஆய்வு: அங்கோலா, காங்கோ, கென்யா, உகாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 606 குழந்தைகள். வலி குறைந்தது, ரத்தம் ஏற்றுவது குறைந்தது, மலேரியா குறைந்தது, சாவும் குறைந்தது. பெரிய நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் இது பலிக்கும் என்ற பேச்சு அதோடு முடிந்துபோயிற்று.

அளவு விஷயத்தில் நம் ஆட்களுக்கு ஒரு சாதகம் உண்டு. சிக்கிள் மரபணுவில் இந்தியாவில் பெரும்பாலும் காணப்படும் அரபு-இந்திய வகையில் ஹீமோகுளோபின் எஃப் இயல்பாகவே கொஞ்சம் அதிகம். நாக்பூரில் குழந்தைகளுக்கு ஒரு கிலோ எடைக்கு 10 மில்லிகிராம் என்ற குறைந்த அளவிலேயே கொடுத்துப் பார்த்து 2012-ல் நல்ல பலன் காட்டினார்கள். இதை வைத்து "நம்ம ஊர் சிக்கிள் லேசானது" என்று சிலர் சொல்வதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். இருபது வயதில் இடுப்பு எலும்பு செத்துப்போய் கம்பு ஊன்றி வருகிற பெண்ணைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

விலை, ஒரு கேப்சூல் டீ வடைக்கு ஆகும் காசுக்குள்தான். அப்படியிருந்தும் ஏன் விடுகிறார்கள்? மூன்று காரணம் என் ஜன்னலில் திரும்பத் திரும்பக் கேட்கிறது. யாராவது போனில் தேடிப் பார்த்து "இது கேன்சர் மருந்து" என்று சொல்லிவிடுகிறார்கள். ரத்தப் புற்றுநோய்க்கும் இது கொடுக்கப்படுவது உண்மைதான். ஆனால் சிக்கிள் நோயாளிகளை 17 வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்தும் இதனால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. ரெண்டாவது, நகம் கறுப்பது. கல்யாணம் பேசுகிற வயதுப் பெண்கள் இதற்காகவே சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள், அதை யாரும் மருத்துவரிடம் சொல்வதில்லை, கேட்டால்தான் வெளியே வரும். மூன்றாவது, பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், அதற்குள் "சாப்பிட்டும் வலி வருதே" என்று நம்பிக்கை போய்விடும்.

உண்மையான தொந்தரவு வேறு. வெள்ளையணு அதிகமாக இறங்கிவிடலாம், அதனால் ஆரம்பத்தில் சில வாரத்துக்கு ஒரு தடவையும், அளவு நிலைத்த பிறகு ரெண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவையும் ரத்த அணுக்களின் எண்ணிக்கை பார்த்தே ஆக வேண்டும். கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கேப்சூல் பெரும்பாலும் 500 மில்லிகிராமில்தான் வருகிறது, 25 கிலோ பையனுக்கு நாளுக்கு 250 என்று கணக்கு வந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கச் சொல்லி எழுதுகிறார்கள். எந்த நாள் கொடுத்தோம் என்று வீட்டில் மறந்துபோகும். நான் காலண்டரில் வட்டம் போட்டுக் கொடுத்து அனுப்புகிறேன். கேப்சூலை உடைத்து வெறும் கையில் தொடாதீர்கள், குறிப்பாகக் கர்ப்பிணிகள்.

ரத்தம் ஏற்றுவதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ரத்தம் சட்டென்று இறங்கினாலும் நுரையீரல் பாதித்து நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் வந்தாலும் அது உயிர் காக்கும், அதில் கேள்வியே இல்லை. பக்கவாத அபாயம் உள்ள குழந்தைகளுக்கு மாதாமாதம் ஏற்றினால் முதல் பக்கவாதம் 92 சதவீதம் குறைகிறது என்று 1998-லேயே காட்டிவிட்டார்கள். ஆனால் வழக்கமான வைத்தியமாக வருடக்கணக்கில் என்றால், ஒரு பையில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது, உடம்பு வெளியே தள்ளுவது நாளுக்கு ஒரு மில்லிகிராம்தான். மிச்சம் ஈரலிலும் இதயத்திலும் படியும், அதை எடுக்க இன்னொரு மருந்து. மூளை ரத்தக்குழாயில் பெரிய சேதம் இல்லாத குழந்தைகள் ஒரு வருடமாவது ரத்தம் ஏற்றிக்கொண்ட பிறகு ஹைட்ராக்ஸியூரியாவுக்கு மாறலாம், பாதுகாப்பு குறைவதில்லை என்று 2016-ல் தெரிந்தது. அந்தக் குழந்தைகளின் வீடுகளுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை!

நடுவில் வந்த ரெண்டு புது மருந்துகளின் கதையையும் சொல்ல வேண்டும், "புதுசு வந்தா பழசை விட்டுடலாமா" என்று கேட்பவர்களுக்காக. வாக்ஸலோட்டர் என்ற மாத்திரைக்கு 2019-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஹீமோகுளோபின் எண்ணை நன்றாகவே ஏற்றியது. ஆனால் வலி நெருக்கடியும் இறப்பும் கூடுவதாகத் தகவல் வர, 2024 செப்டம்பரில் ஃபைசர் நிறுவனமே உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே 2019-ல் வந்த கிரிசான்லிசுமாப் ஊசி முதல் ஆய்வில் நெருக்கடியைக் குறைத்தது, அடுத்த பெரிய ஆய்வில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை, ஐரோப்பா 2023-ல் அனுமதியை ரத்து செய்தது. ரிப்போர்ட்டில் எண் ஏறினால் போதாது, ஆள் நன்றாக இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஹைட்ராக்ஸியூரியா முப்பது வருடம் அந்தப் பரீட்சையில் நின்றிருக்கிறது.

அப்புறம் மஜ்ஜை மாற்று, அதாவது ரத்தம் ஊறுகிற எலும்பு மஜ்ஜையை இன்னொருவரிடமிருந்து எடுத்து வைப்பது. நோயை வேரோடு எடுக்கிற வைத்தியங்களில் நீண்ட அனுபவம் உள்ளது இதுதான். முழுவதும் பொருந்துகிற உடன்பிறப்பிடமிருந்து எடுத்துச் செய்த ஆயிரம் பேரின் விவரத்தை 2017-ல் வெளியிட்டார்கள்: ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 93 சதவீதம். வயது குறைவாக இருந்தால் முடிவு இன்னும் நல்லது. ஆனால் ஒரு உடன்பிறப்பு பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான், அவருக்கும் சிக்கிள் நோய் இருக்கக் கூடாது. கடத்துபவராக இருந்தால் பரவாயில்லை, கொடுக்கலாம். இது பலருக்குத் தெரியாது. வேலூர் சி.எம்.சி. மாதிரி இடங்களில் பல வருடமாக மஜ்ஜை மாற்று நடக்கிறது. செலவு லட்சக்கணக்கில், கூடவே பல மாதம் அங்கேயே தங்க வேண்டும். அப்பா அம்மா ரெண்டு பேருமே தோட்டக் கூலி என்றால் மீதிப் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது? பழைய மஜ்ஜையை அழிக்கிற கீமோவால் பின்னாளில் குழந்தைப்பேறு பாதிக்கலாம் என்பதையும் முன்பே உட்கார்ந்து பேச வேண்டும். பாதி மட்டும் பொருந்துகிற அப்பா அம்மாவிடமிருந்து எடுத்துச் செய்யும் முறையும் இப்போது வேகமாக முன்னேறுகிறது, நாலைந்து வருடத்தில் கணக்கே மாறலாம்.

கடைசியாக அந்த அம்மா கேட்டது. காஸ்ஜெவி. 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதித்த, மரபணுவை வெட்டித் திருத்துகிற கிரிஸ்பர் முறையில் செய்த உலகின் முதல் வைத்தியம். நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களை (ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்கள்) ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து, ஹீமோகுளோபின் எஃப்-ஐ நிறுத்தி வைக்கிற பி.சி.எல்.11ஏ என்ற சுவிட்சை ஆய்வகத்தில் வெட்டிவிட்டு, கீமோ கொடுத்துப் பழைய மஜ்ஜையைக் காலி செய்து, திருத்திய செல்களைத் திரும்பச் செலுத்துகிறார்கள். கணக்கில் எடுக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்குக் குறைந்தது ஒரு வருடம் கடுமையான வலி நெருக்கடியே வரவில்லை. இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது, மறைக்க என்ன இருக்கிறது. விலை 22 லட்சம் டாலர், நம் காசில் பதினெட்டு கோடிக்கு மேல். இன்னொரு நிறுவனத்தின் லிஃப்ஜீனியா 31 லட்சம் டாலர், அதில் ரத்தப் புற்றுநோய் எச்சரிக்கையும் உண்டு.

கவனித்தீர்களா, பதினெட்டு கோடி வைத்தியமும் டீ வடைக் காசு கேப்சூலும் ஒரே ஹீமோகுளோபின் எஃப்-ஐத்தான் கூட்டப் பார்க்கின்றன. ஒன்று நிரந்தரமாக, மிக அதிகமாக. மற்றது தினமும் கொஞ்சம் கொஞ்சமாக. அதோடு "ஒரே தடவை" என்பது ஒரு ஊசி இல்லை, கீமோவும் பல வார ஆஸ்பத்திரி வாசமும் சேர்ந்தது. டெல்லியில் உள்ள ஐஜிஐபி என்ற அரசு மரபணு ஆய்வகத்தில் பிர்சா 101 என்ற பெயரில் நம் நாட்டு கிரிஸ்பர் வைத்தியம் தயாராகிறது, பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். கீமோவே இல்லாமல் உடம்புக்குள்ளேயே திருத்துகிற ஊசிக்கும் உலகில் பல இடங்களில் முயல்கிறார்கள். அது வந்தால் பாடி வரைக்கும் வரும் என்று நான் முழுசாக நம்புகிறேன். ஆனால் அதுவரை பையனின் மண்ணீரலும் சிறுநீரகமும் மூளையும் பழுதாகாமல் இருந்தால்தான் அதனால் அவனுக்குப் பலன்.

அதனால் எனக்குத் தெளிவாகத் தெரிவது இது: நோய் உறுதியான எல்லோரும் மருத்துவரிடம் இன்றைக்கே ஹைட்ராக்ஸியூரியா பற்றிக் கேளுங்கள், உடன்பிறப்பு உள்ள சின்னக் குழந்தை என்றால் பொருத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், மரபணு வைத்தியம் என்று யாராவது முன்பணம் கேட்டால் ஆடு மாட்டை விற்காதீர்கள். இன்னொன்று, மலைக்குக் கீழே ஒரு ஆஸ்பத்திரியில் நம் பையன் ஒருவன் வலியில் துடித்தபோது "நடிக்கிறான்" என்று உட்கார வைத்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டின் நகலைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எப்போதும் கையில் வைத்திருங்கள்.

ஜூன் பிறந்தால் மண் சரிந்து பஸ் நின்றுபோகும், அதனால் மே மாதமே ரத்தம் பார்த்துவிட்டு ரெண்டு மாத மருந்து சேர்த்து வாங்கிக்கொள்ளச் சொல்லி மருத்துவரிடம் எழுதி வாங்குகிறோம். அந்த அம்மாவின் பையனுக்கு ஒரு அக்கா இருக்கிறாள், எட்டு வயது. அவள் கடத்துபவள் மட்டும்தான் என்று பழைய பரிசோதனையில் இருக்கிறது. அடுத்த தடவை வரும்போது அவளையும் கூட்டி வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறேன்.