அசை எண்ணும் நிரலும் வண்டியூர் மாரியம்மனும்: மூன்று ஆண்டு அனுபவம்

மேலூரில் ஆங்கிலம் கற்பிக்கும் நண்பர் ஒருவர், தாம் எழுதும் ஆங்கில வாசிப்புப் பாடங்களின் கடினத்தை அளக்க, சொற்களின் அசைகளை (சிலபிள்) எண்ணும் கணினி நிரலை நம்பலாமா என்று சென்ற வாரம் கேட்டார். மூன்று ஆண்டுகளாக இந்த வேலைக்கு நான் பயன்படுத்துவது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்பு அகராதியையும், அதில் இல்லாத சொற்களுக்காக நானே பைத்தான் நிரல்மொழியில் எழுதிய விதிகளையும்தான்.

அகராதியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அதிலுள்ள 1,30,000-க்கும் மேற்பட்ட சொற்களில் ஒவ்வோர் உயிரொலியின் பின்னும் அழுத்தத்தைக் காட்டும் 0, 1, 2 ஆகியவற்றுள் ஓர் இலக்கம் நிற்பதால், இலக்கங்களை எண்ணினாலே அசைகள் கிடைத்துவிடுகின்றன. 'பிசினஸ்' (business) எழுத்தில் மூன்று அசைபோலத் தோன்றினாலும் ஒலிப்பில் இரண்டுதான்; 'ரிதம்' (rhythm) என்பதில் 'ஒய்' (y) தவிர உயிரெழுத்தே இல்லை, ஆயினும் அசை இரண்டு. இரண்டையும் அகராதி சரியாகச் சொல்கிறது.

தொல்லை நம் ஊர்ப்பெயர்களில் தொடங்குகிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் 'ஒய்' உட்பட அடுத்தடுத்து வரும் உயிரெழுத்துகளை ஒரே அசையாகக் கொள்ளும் என் விதி, திருப்பரங்குன்றத்துக்கு ஆறு, அலங்காநல்லூருக்கு ஐந்து என்று பிழையின்றி எண்ணியபோது உள்ளபடியே மகிழ்ந்தேன். பெரியார் பேருந்து நிலையத்தில் அந்த மகிழ்ச்சி போயிற்று. 'ஐ, ஒய், ஏ' (i, y, a) மூன்றையும் ஒன்றாக்கிப் பெரியாரை இரண்டசையாகவும், அதே போக்கில் கோரிப்பாளையத்தை நான்காகவும் அது குறுக்கியது. இரு உயிர்களுக்கு நடுவிலுள்ள 'ஒய்' மெய்யெழுத்தே என்று திருத்தினேன். அவை சரியாயின, இரட்டை 'ஒய்' உள்ள அய்யனார் மட்டும் இரண்டசையிலேயே நின்றார். அதற்கும் ஒரு விதி சேர்த்த பிறகு, வண்டியூர்த் தெப்பத்திருவிழாவைப் பற்றிய பாடம் வந்தது. ஒரு பத்தியில் 'ஒய்' இட்டு எழுதிய மாரியம்மனுக்கு நான்கு, அடுத்த பத்தியில் 'ஒய்' இன்றி எழுதிய அதே மாரியம்மனுக்கு மூன்று.

இது சிறிய பிழையன்று. வாசிப்பு எளிமையை அளக்க ருடால்ஃப் ஃபிளெஷ் 1948-இல் தந்த சூத்திரம், ஒரு சொல்லுக்கான சராசரி அசையை 84.6-ஆல் பெருக்கி மதிப்பெண்ணிலிருந்து கழிக்கிறது; மதிப்பெண் கூடினால் பாடம் எளிது. நூறு சொல் கொண்ட பாடத்தில் பத்து அசை குறைந்தால் மதிப்பெண் எட்டுப் புள்ளிக்கு மேல் கூடி, கடினமான பாடம் எளிதென்று வகுப்புக்குப் போய்விடும்.

இவ்வளவு உழைக்கும் அகராதிக்கு நன்றிக்கடன்பட்டிருந்தும், நண்பரிடம் வேண்டாம் என்றே சொன்னேன். அவருடைய பாடங்கள் முழுதும் நம் ஊர்களும் கோயில்களும்தாம் வருகின்றன. பிள்ளைகளை உரக்க வாசிக்கச் சொல்லி, விரல்விட்டு எண்ணிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டேன்.